மாசா மாசம் அதே பிவட் எதுக்குங்க புதுசா போடறீங்க

எம்ஐஎஸ் வேலைல, அதாவது ஆபீஸ்ல ரிப்போர்ட் போடற வேலைல இருக்கறவங்கள மாசம் பொறந்ததும் கேட்டுப் பாருங்க, எக்செல்ல பிவட் (டேட்டாவ தொகுத்து டோட்டல் காட்டற டேபிள்) போட்டுட்டு இருக்கேன்னுதான் சொல்வாங்க. போன மாசமும் அதே பிவட்தான், அடுத்த மாசமும் அதேதான். ஈஆர்பில (கம்பெனி கணக்கு சாஃப்ட்வேர்) இருந்து சேல்ஸ் டம்ப், அதாவது மொத்த விற்பனை டேட்டாவ இறக்கி, மேல இருக்கற கம்பெனி பேரு அட்ரஸ் வரியெல்லாம் டெலிட் பண்ணி, கடைசில இருக்கற டோட்டல் வரிய தூக்கி, விலுக்கப் (வேற லிஸ்ட்ல தேடி எடுக்கற ஃபார்முலா) போட்டு ஏரியா பேர இழுத்து, அதுக்கப்புறம்தான் பிவட்டே. பிவட்டுக்கு ஆகறது ரெண்டு நிமிஷம், மிச்சம் பூரா இந்த கழுவற வேலைதான்.

இத குறைக்கணும்னா உடனே மேக்ரோ (செய்யறத பதிஞ்சு வச்சு திரும்ப ஓட்டறது) ரெக்கார்ட் பண்ணுன்னு சொல்வாங்க, எனக்கு அதுல அவ்வளவா நம்பிக்கை இல்ல. ரெக்கார்டர் நீங்க அன்னைக்கு செலக்ட் பண்ண ரேஞ்ச அப்படியே எழுதி வச்சுக்கும், அடுத்த மாசம் வரி கூடினா கூடின வரிய எடுத்துக்காம சத்தமில்லாம தப்பு டோட்டல் காட்டும்.

குறைஞ்சபட்சம் ஒண்ணு பண்ணுங்க. டேட்டால நின்னு கன்ட்ரோல் டி அடிச்சு டேபிளா மாத்திட்டு, அந்த டேபிள் பேர பிவட்டுக்கு சோர்ஸா குடுங்க. அப்புறம் கீழ ஒட்டற வரியெல்லாம் தானா உள்ள வந்துரும், ரெஃப்ரெஷ் மட்டும் அடிச்சா போதும்.

ஆனா நிஜமா நேரம் மிச்சமாகறது பவர் க்வெரிலதான், டேட்டாவ இறக்கி கழுவற எக்செல் டூல் அது. எக்செல் 2016ல இருந்து டேட்டா டேப்லயே இருக்கு, பக்கத்துல போய்ப் பாக்கறவங்கதான் கம்மி. மாசாந்திர ஃபைல் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, கெட் டேட்டால ஃப்ரம் ஃபோல்டர் குடுத்து, மேல் வரி தூக்கறது, டோட்டல் வரிய ஃபில்டர் பண்றது, விலுக்கப்புக்கு பதிலா ஏரியா மாஸ்டரோட (ஏரியா பேர் லிஸ்ட்) மெர்ஜ் பண்றது எல்லாத்தையும் ஒரு தடவ செஞ்சு வச்சுட்டா, அடுத்த மாசம் ஃபைல ஃபோல்டர்ல போட்டு ரெஃப்ரெஷ் ஆல் அடிக்கறது மட்டும்தான் வேலை. ஷீட்ல இறக்காம கனெக்‌ஷன் மட்டும் வச்சு நேரா பிவட்டுக்கே குடுத்தீங்கன்னா 10,48,576 வரி லிமிட்டும் இடிக்காது.

இதுல கால வாரி விடற விஷயம் தேதிதான். சிஸ்டம் அமெரிக்கா செட்டிங்ல இருந்தா 03-04 ஏப்ரல் 3 ஆகாம மார்ச் 4 ஆயிரும், 12க்கு மேல போன தேதியெல்லாம் எரர் அடிக்கும். டைப் மாத்தும்போது யூசிங் லோக்கேல்ல போய் இந்தியா குடுத்துருங்க. காலம் (நெடுவரிசை) பேர்ல ஒரு ஸ்பேஸ் கூடினாலும் க்வெரி நின்னுடும், அதனால டம்ப் குடுக்கற ஆள்கிட்ட ஹெட்டிங்க மாத்தாதீங்கன்னு முன்னாடியே கெஞ்சி வச்சுக்கறது நல்லது. ரெஃப்ரெஷ் ஆல் அடிச்சும் பிவட் பழசாவே நிக்குதா? க்வெரி முடியறதுக்குள்ள பிவட் ரெஃப்ரெஷ் ஆகிருக்கும், க்வெரி ப்ராப்பர்ட்டீஸ்ல பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ் டிக்க எடுத்துட்டா சரியாயிரும்.

அப்புறம் மதுரைக்கு ஒண்ணு, சேலத்துக்கு ஒண்ணு, நெல்லைக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஷீட் போட்டுட்டு உக்காராதீங்க. பிராஞ்ச ஃபில்டர் பாக்ஸ்ல போட்டுட்டு பிவட் ஆப்ஷன்ஸ் பக்கத்துல இருக்கற குட்டி அம்புக்குறிய அமுக்கினா ஷோ ரிப்போர்ட் ஃபில்டர் பேஜஸ்னு ஒண்ணு இருக்கும், அது பிராஞ்சுக்கு ஒரு ஷீட்டா தானே பிரிச்சுக் குடுத்துரும். டேட்டா மாடல்ல (எக்செல்லுக்குள்ள டேபிள்கள சேத்து வைக்கற இடம்) ஏத்தின பிவட்ல மட்டும் அது வேலை செய்யாது.

அப்படிப் பிரிச்ச ஷீட்ட தனி ஃபைலாக்கி அப்படியே மெயில் பண்றவங்கள நிறைய பாத்திருக்கேன், பாத்தாலே பக்குனு இருக்கும். ஒவ்வொரு பிவட்டுக்குப் பின்னாடியும் மொத்த டேட்டாவும் கேஷ்ல (பிவட் உள்ள ஒளிச்சு வச்சிருக்கற காப்பி) உக்காந்திருக்கும், சேலம் மேனேஜர் ஃபில்டர மாத்தினா மதுரை சேல்ஸ் தெரியும், ஒரு நம்பர் மேல டபுள் கிளிக் பண்ணினா கஸ்டமர் பேரோட வரி வரியா புது ஷீட்ல கொட்டும். வெளிய போற காப்பிய பேஸ்ட் வேல்யூஸ் பண்ணியோ பிடிஎஃப் ஆக்கியோ அனுப்புங்க.