குதிரைக்கு எதற்கு ஹாரன்?

சாயங்காலம் மெரினா பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சவாரி முடிந்த குதிரையில் ஒரு பையன் ஹெல்மெட் இல்லாமல், காலில் ரப்பர் செருப்போடு ரோட்டோரமாகப் போவான், பின்னால் ஒரு ஆட்டோ வாலை முட்டுகிற மாதிரி வந்து ஹாரனை அமுக்கும். நம்ம ஊரில் ஹாரன் என்றால் கோபமெல்லாம் இல்லை, 'வரேன், பாத்துக்கோ' என்று சொல்வதுதான். மனுஷனுக்கு அது புரியும், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் குதிரை மாடு இல்லை.

பயந்தால் அது முதலில் ஓடும், என்ன ஏது என்று அப்புறம்தான் பார்க்கும். கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், தெரியாதது நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான், நாம் போய் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பதோ சரியாக அந்தப் பின்பக்கத்தில். மிரண்டால் நேராகவும் போகாது, சட்டென்று பக்கவாட்டில் தாவும். இரும்பு லாடம் தார் ரோட்டில் வழுக்கும், மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். முழு வளர்ச்சியடைந்த குதிரை சாதாரணமாக 400 கிலோ இருக்கும், பக்கத்தில் வரும் ஸ்கூட்டியின் கதியை யோசியுங்கள்.

அதன் காதைக் கவனியுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் வண்டிச் சத்தம் அதற்குக் கேட்டுவிட்டது, ஹாரன் தேவையே இல்லை. தலையைத் தூக்கி, உடம்பு விறைத்து, குறுக்கே நகர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தியபோது, குதிரையைக் கடக்கையில் மணிக்கு 10 மைலுக்குள் போக வேண்டும், குறைந்தது 2 மீட்டர் இடம் விட வேண்டும் என்று எழுதினார்கள். 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர், தி.நகரில் தினமும் போகிற வேகம்தானே! இங்கேயும் சட்டம் சும்மா இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆம் பிரிவுப்படி, உங்கள் வண்டியால் விலங்கு மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போகும் என்று அதைக் கூட்டி வருபவர் நினைத்து நிறுத்தச் சொன்னால் நீங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். பாவம், குதிரைக்காரர் கை காட்டினால் யார் நிறுத்துகிறார்கள்?

கல்யாண ஊர்வலம் இன்னும் மோசம். பேண்டு சத்தம், காலடியில் சரவெடி, மேலே குதிரையையே முதல்முறை தொட்ட மாப்பிள்ளை. போலீஸ் குதிரையைக் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் பார்த்துப் பார்த்துப் பழக்குகிறார்கள், அதுவே சில சமயம் மிரளும். வாடகைக் குதிரை எல்லாவற்றுக்கும் பழகியிருக்கும் என்று எந்த தைரியத்தில் வெடியைக் கொளுத்துகிறார்களோ.

குதிரை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்று. இருட்டியபின் பழுப்புக் குதிரை ஹெட்லைட்டுக்குக் கிட்டே வரும்வரை தெரியாது, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை நாலு காலிலும் கட்டுங்கள், நடக்க நடக்கக் கால் அசைவது தூரத்திலேயே தெரியும். பையனுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள், அண்ணே.