இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி, எனக்கு மூன்று நாள் அலைச்சல்

கோத்தகிரியில் கார்த்திகை மழைக்குக் கரண்ட் போவதும் வருவதும் வழக்கம்தான். போன வாரம் அப்படிப் போய்வந்த பிறகு மாடியில் நெட் வரவில்லை. சாயங்காலம் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

கஸ்டமர் கேரில் எதையும் விசாரிக்காமல், "ரவுட்டரை ரீசெட் பண்ணுங்க மேடம்" என்றார்கள். மாடி ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஊக்கை விட்டு அழுத்தினேன். தயவுசெய்து யாரும் இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். அதன்பிறகு நெட் ஐந்து நிமிடம் வரும், பத்து நிமிடம் போகும். மறுபடி கூப்பிட்டால் "கேபிள் போயிருக்கும்". பஸ் ஏறிக் குன்னூர் போய்ப் புது கேபிள் வாங்கிவந்தேன். அரை நாளும் காசும் வீண். அனுப்புகிறோம் என்ற ஆளும் வரவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி நானே உட்கார்ந்தேன். ஃபைபர் மோடம் கீழே அப்பா அறையில். கருங்கல் சுவர், மாடிக்கு சிக்னல் ஏறாது, அதனால் மேலே இன்னொரு ரவுட்டர். கம்ப்யூட்டரின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) அடித்தால் கேட்வே, அதாவது நெட்டுக்குப் போகும் வாசலின் முகவரி, 192.168.1.1. பிரௌசரில் அந்த எண்ணைப் போட்டேன், மாடி ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி போட்டால் கீழ் மோடத்தின் பக்கம்! அப்போதுதான் பொறி தட்டியது.

உறுதிசெய்ய அதே இடத்தில் 'ஏஆர்பி மைனஸ் ஏ' (arp -a) கொடுத்தேன். 192.168.1.1-க்கு நேரே ஆறு ஜோடியாக ஒரு மேக் எண், அதாவது அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண், இருக்கும். டார்ச் அடித்து ரவுட்டரின் அடியிலிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். (கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறலாம், பயப்படவேண்டாம்.) அது மாடி ரவுட்டருடையது. மாடி ரவுட்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை நேராக மோடத்தில் செருகினால் அதே முகவரிக்கு வேறு மேக் எண்.

192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள், எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பல கம்பெனிகள் ஒரே எண்ணைப் போட்டே அனுப்புகின்றன. முதலில் மாட்டிக்கொடுத்த கடைப் பையன் மாடி ரவுட்டரின் முகவரியை மாற்றி, டிஹெச்சிபியையும் (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்திருந்தான். ரீசெட் இரண்டையும் அழித்துவிட்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு, இரண்டும் எல்லாச் சாதனங்களுக்கும் முகவரி வழங்கிக்கொண்டிருந்தன.

சரிசெய்யக் கால் மணி நேரம் ஆனது. கீழிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, மாடி ரவுட்டரில் கம்ப்யூட்டரை மட்டும் செருகி, அதன் லேன் (வீட்டுக்குள் பயன்படும்) முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். புது எண்ணில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை அணைத்தேன். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் உள்ளே நுழையவே திண்டாடவேண்டும். சேமித்ததும் கம்ப்யூட்டர் 169.254 என்று ஏதோ எண் காட்டியது. நெஞ்சு திக்கென்றது. முகவரி கொடுக்க யாரும் இல்லாததால் அது தானே வைத்துக்கொண்ட எண், அவ்வளவுதான். கீழ்வயரை லேன் துளையில் (பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும், வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் அல்ல) செருகி, கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி மாட்டினேன். 192.168.1.5. நெட் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பதினொரு பிள்ளைகளும் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். மாடி ரவுட்டர் மேல் 192.168.1.2 என்று எழுதி ஒட்டி, ரீசெட் துளைக்கு இன்சுலேஷன் டேப் போட்டுவிட்டேன்.