பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட டோக்கியோல குடித்தனம்

லண்டன்ல இருந்து டோக்கியோவுக்கு மாத்தல்னு ஆனதும் ஆபீஸ்ல வெள்ளைக்கார பசங்க எல்லாம் அசாபு, ரொப்போங்கின்னு ஏரியா பேரா அடுக்குனாங்க, இங்கிலீஷ் பேசுற டாக்டர், இம்போர்ட் சூப்பர்மார்க்கெட் எல்லாம் அந்தப் பக்கம்தானாம். வாடகைய பாத்துட்டு நான் நேரா நிஷி-கசாய் போயிட்டேன். 2000 வாக்குல ஐடி வேலைக்கு வந்த நம்மாளுங்க குடும்பம் குடும்பமா செட்டில் ஆன இடம், தோசாய் மெட்ரோ லைன்ல ஏறுனா ஆபீஸ் ஏரியா ஒத்தேமாச்சிக்கு ஒரே ட்ரெயின், துவரம்பருப்புக்கு அலைய வேண்டாம். பாஸ்போர்ட் என்ன கலர்னு வயித்துக்கு தெரியாதுல்ல.

வீடு எடுக்கறதுதான் பெரிய செலவு. ஷிகிகின்னு அட்வான்ஸ், அதுல கொஞ்சமாவது திரும்பி வரும். ரெய்கின்னு இன்னொண்ணு, வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி குடுக்கற பணமாம், பெரும்பாலும் ஒரு மாச வாடகை, போனது போனதுதான். அதுக்கு மேல ஏஜென்ட் கமிஷன், நமக்கு ஜாமீன் நிக்கற கேரண்டி கம்பெனி ஃபீஸ், முதல் மாச வாடகை. எல்லாம் கூட்டுனா நாலஞ்சு மாச வாடகை கைய விட்டுப் போயிடும். இவ்ளோ குடுத்துட்டு சாவி வாங்கி உள்ள போனா சீலிங்ல லைட் இல்ல, அடுப்பு இல்ல, கர்ட்டன் இல்ல. முன்னாடி இருந்தவங்க எல்லாத்தையும் கழட்டிட்டு போயிடுவாங்க, அதுதான் இங்க வழக்கம். முதல் நாள் ராத்திரி மொபைல் டார்ச்லதான் சாப்பாடு.

குடி வந்த 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ் போய் அட்ரஸ் பதியணும், ஏர்போர்ட்ல குடுக்கற ரெசிடென்ஸ் கார்டோட பின்பக்கம் பிரிண்ட் பண்ணித் தருவாங்க. அந்த அட்ரஸ் இல்லாம சிம், பேங்க் எதுவும் நகராது. க்யூ டோக்கன், முத்திரை, பணிவு எல்லாம் கச்சிதம், இங்கிலாந்துக்காரனுக்கே க்யூ நிக்க சொல்லித் தர்ற ஊரு. எனக்கு அங்க பிடிச்சது, நிஷி-கசாய் இருக்கற எடோகாவா வார்டோட வெள்ள அபாய மேப்புதான். 2019ல வெளியிட்டது, அட்டையிலேயே வார்டு மேல அம்புக்குறி போட்டு "இங்க இருக்கக் கூடாது"ன்னு ஜாப்பனீஸ்ல எழுதியிருக்கும்! வார்டுல 70 சதவீத நிலம் கடல் ஏத்தத்துக்கு கீழ இருக்கு, பெருவெள்ளம் வந்தா மாடியில ஏறி உக்காந்தா பத்தாது, வார்டையே விட்டு கெளம்பணும்ங்கறாங்க. மூடி மறைக்காம மக்கள்கிட்ட இப்படி நேரா சொல்ற அரசாங்கத்த நான் வேற எங்கயும் பாத்ததில்ல. பக்கத்து வீட்டு நாக்பூர் அண்ணன் அத சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு, காலண்டர் மாதிரி.

லண்டன் கெட்டில இங்க கொண்டாராதீங்க. அங்க 230 வோல்ட், இங்க 100. அடாப்டர் போட்டா ஓடும்தான், ஆனா 3000 வாட் கெட்டில் அறநூறு வாட்டுக்கும் கீழ இறங்கிடும், தண்ணி கொதிக்கறதுக்குள்ள டீ குடிக்கற ஆசையே போயிடும்.

குப்பை தனி சப்ஜெக்ட். எரியற குப்பை வாரத்துல ரெண்டு நாள், காலைல 8 மணிக்குள்ள, காக்கா கிளறாம இருக்க நீல வலைக்கு அடியில. பெட் பாட்டில்னா, அதான் தண்ணி, ஜூஸ் வர்ற பிளாஸ்டிக் பாட்டில், மூடிய கழட்டி, லேபிள உரிச்சு, அலசி, நசுக்கி வெக்கணும். தப்பா வெச்சா லாரிக்காரர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு பைய அங்கயே விட்டுட்டு போயிடுவாரு, அது தெருவே பாக்க நாள் முழுக்க கெடக்கும். எங்க பில்டிங்ல கீழ் வீட்டு பாட்டிம்மா தினம் வலைய விரிச்சு ஓரத்துல தண்ணி பாட்டில வெயிட்டா வெக்கறாங்க, யாரும் சம்பளம் குடுக்கல. சோஃபா, மெத்தை மாதிரி பெரிய சாமானுக்கு முன்கூட்டியே புக் பண்ணி, கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல காசு குடுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணும்.

பாஸ்போர்ட்ட விட பிரிட்டிஷ் லைசென்ஸ்தான் இங்க ஜாக்பாட். ஜப்பான்லயும் இடது பக்கம்தான் ஓட்டறாங்க, யூகே லைசென்ஸ மாத்த எழுத்துத் தேர்வும் இல்ல, ஓட்டிக் காட்டவும் வேண்டாம், மொழிபெயர்ப்பும் கண் டெஸ்ட்டும் போதும், லைசென்ஸ் எடுத்தப்புறம் அங்க மூணு மாசம் இருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க அவ்ளோதான். இந்திய லைசென்ஸ்னா ரெண்டு டெஸ்ட்டும் உண்டு. நாக்பூர் அண்ணனும் நானும் ஒரே ஊர் ரோட்டுல ஓட்டப் போறோம், இருபது வருசம் மும்பைல ஓட்டுனவருக்கு பரீட்சை, எனக்கு இல்ல. என்ன நியாயமோ!

தோசாய் லைன் காலைக் கூட்டத்த பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, 2019ல கிபா - மொன்சென்-நகாச்சோ ஸ்டேஷன்களுக்கு இடையில ட்ரெயின் கொள்ளளவுல 199 சதவீதம் கூட்டம்னு கணக்கு, இப்ப குறைஞ்சிருக்கு, குறைஞ்சதே இப்படின்னா... விடுங்க.

டாக்டர் விஷயத்துல இங்கிலாந்து அரசாங்க மருத்துவ சேவை என்எச்எஸ் மாதிரி ஃப்ரீ இல்ல, இன்ஷூரன்ஸ் 70 போக மீதி 30 சதவீதம் நம்ம கையில இருந்து. ஆனா காது வலின்னு அன்னைக்கே காது டாக்டர்கிட்ட நேரா போய் உக்காரலாம், அங்க ஜிபின்னு சொல்ற குடும்ப டாக்டரோட லெட்டருக்கு காத்திருந்து பழகுன எனக்கு அது போதும்.

குளிர்தான் எதிர்பார்க்கல. வெளிய லண்டன் மாதிரிதான், வீட்டுக்குள்ளதான் பிரச்சனை, ரேடியேட்டர் கிடையாது, ஏசிய ஹீட்ல போட்டா அந்த ஒரு ரூம் மட்டும் சூடு, பாத்ரூம் போக ஸ்வெட்டர் போடணும். கொத்தாட்சுன்னு அடியில ஹீட்டர் வெச்ச மேஜை வாங்கி போர்வை போத்தி காலை உள்ள விட்டு உக்காந்துட்டேன். அம்மா ஜனவரில வரேங்கறாங்க, ஏப்ரலுக்கு டிக்கெட் போடுங்கம்மான்னு கெஞ்சிட்டு இருக்கேன்.