அச்சம் என்னும் வெள்ளாவி

‘தப்பு பண்ணினா சாமி கண்ணைக் குத்தும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காதோடு சீக்கியரின் மறைநூலான குரு கிரந்த சாகிப்பைத் திறந்தால் தொடக்கத்திலேயே இடறும். நூலைத் தொடங்கும் மூல மந்திரத்தில் இறைவனுக்குச் சொல்லப்படும் அடைமொழிகளில் ஒன்று ‘நிர்பௌ’, அச்சமற்றவன். அதை ஒட்டியே வருவது ‘நிர்வைர்’, எவரோடும் பகை இல்லாதவன். பகையே இல்லாதவனிடம் எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் அதே நூலின் 1430 பக்கங்களிலும், பயம் இல்லாமல் பக்தி இல்லை, பயம் இல்லாமல் யாரும் கரையேறவில்லை என்று பல இடங்களில் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஆசா தி வார். பொழுது விடியும் முன் குருத்வாராக்களில் பாடப்படும் நீண்ட பாடல் அது. 464ஆம் பக்கத்தில் குரு நானக் ஒரு பட்டியல் போடுகிறார். காற்று அச்சத்தில் வீசுகிறது. லட்சம் ஆறுகள் அச்சத்தில் ஓடுகின்றன. நெருப்பு அச்சத்தில் வேலை செய்கிறது. பூமி அச்சத்தில் பாரம் தாங்குகிறது. சூரியனும் சந்திரனும் அச்சத்தில் கோடிக்கணக்கான கோஸ் (பழைய தூர அளவு) நடந்தும் நடை முடியவில்லை. தர்மராஜாவே அச்சத்தோடு வாசலில் நிற்கிறார். எல்லார் தலையிலும் அச்சம் எழுதப்பட்டிருக்கிறது. உருவமற்ற அந்த ஒருவனுக்கு மட்டும் இல்லை என்று முடிக்கிறார்.

அடி விழும் என்று அஞ்சியா சூரியன் ஓடுகிறது? இங்கே அச்சம் என்பது ஆணைக்குள் இருத்தல், அவ்வளவுதான். நூலின் முதல் பாடலான ஜப்ஜியின் இரண்டாம் பௌடி, அதாவது பாடல் பகுதி, இதையே வேறு விதமாகச் சொல்கிறது: எல்லாம் ‘ஹுகம்’ என்ற ஆணைக்குள் இருக்கின்றன, வெளியே எதுவும் இல்லை, இதைப் புரிந்துகொண்டவன் ‘நான்’ என்று பேசமாட்டான். காற்றுக்கும் ஆற்றுக்கும் அந்தச் சிக்கல் கிடையாது. ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் மனிதன்தான் இந்த அச்சத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டியிருக்கிறது. அந்த ‘நான்’ தான் ஹௌமை. நாள்பட்ட நோய் அது, ஆனால் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்கிறார் இரண்டாம் குருவான அங்கத், ஆசா தி வாரிலேயே 466ஆம் பக்கத்தில்.

151ஆம் பக்கத்துக்கு வாருங்கள். கௌடி ராகத்தில் குரு நானக்கின் இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சேர்த்துப் படிக்காவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பாடலில் அச்சத்துக்கு எடை தருகிறார்: அது மிகக் கனமானது, மனம் போன போக்கில் பிறக்கும் புத்தியோ இலேசானது. கனமானதைத் தலையில் வைத்து நட, பாரத்தைத் தாங்கு என்கிறார். அச்சமில்லாமல் வார்த்தது எல்லாம் கச்சாச் சரக்கு. வார்க்கும் அச்சே குருடு, அதில் விழுந்த அடியும் குருடு. அடுத்த பாடலில் வேறு ஒரு பயம் வருகிறது. பயத்துக்கு மேல் பயமாக ஏறிக்கொண்டே போகிறதே, அது என்ன பயம்? உன்னைத் தவிர போக்கிடம் இல்லாதபோது, நடப்பதெல்லாம் உன் விருப்பமாக இருக்கும்போது, வேறு எதற்கு அஞ்சுவது? அப்படி அஞ்சி அஞ்சிச் சாவது வெறும் மனத்தின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார். நம் ஊர் ‘கண்ணைக் குத்தும்’ பயம் இந்த இரண்டாவது வகையில்தான் சேரும்.

அடுத்து, இந்த அச்சம் எப்போது வருகிறது? பயம் காட்டி உள்ளே இழுத்து, பிறகு அன்புக்குப் பழக்குவதுதான் மதம் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். குர்பாணியில், அதாவது குருமார்களின் பாடல்களில், வரிசை அப்படி இல்லை. 788ஆம் பக்கத்தில் மூன்றாம் குருவான அமர்தாஸ், சத்குருவைச் சந்தித்த பிறகே அச்சம் பிறக்கிறது என்கிறார். இதை ஒவ்வொரு சீக்கியத் திருமணத்திலும் காதால் கேட்கலாம். ஆனந்த் காரஜ் என்ற அந்தத் திருமணச் சடங்கில் நான்காம் குருவான ராம்தாஸ் இயற்றிய லாவான்கள் என்ற நான்கு பாடல்கள் உண்டு. ஒவ்வொன்றையும் முதலில் வாசிப்பார்கள். பிறகு ராகிகள் என்ற பாடகர்கள் அதையே பாட, மணமகன் முன்னும், அவன் தோள்துண்டின் நுனியைப் பிடித்த மணமகள் பின்னுமாக குரு கிரந்த சாகிப்பை வலம் வருவார்கள். முதல் சுற்று அறத்தையும் நாமத்தையும் பற்றியது. இரண்டாவதில்தான் சத்குருவின் சந்திப்பு, அந்தச் சுற்றில்தான் அச்சம் வருகிறது. அதுவும் எப்படி? மனம் பயங்களிலிருந்து விடுபட்டது, ஹௌமை அழுக்குப் போயிற்று என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘நிர்மல் பௌ’, அதாவது மாசற்ற அச்சம், கிடைத்தது என்கிறது பாட்டு. பழைய பயங்கள் காலிசெய்த இடத்தில் இது குடியேறுகிறது. கல்யாண வீட்டில் போய் எவரும் தண்டனையைப் பற்றிப் பாடமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இது செய்யும் வேலை என்ன என்பதற்கு என் கணிப்பில் மிகத் துல்லியமான இடம் ஆசா தி வாரிலேயே 468ஆம் பக்கம். நெசவு, சாயத் தொழில் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு உரையே வேண்டாம். பதப்படுத்தாத கோரா துணியில் சாயம் பிடிக்காது என்கிறார் குரு நானக். கோரா என்ற சொல்லும் அதுவே, பொருளும் நம் ஜவுளிக்கடையில் புழங்கும் அதே பொருள். தறியிலிருந்து இறங்கிய துணியில் பஞ்சின் இயற்கை மெழுகும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கும்; தண்ணீரே சரியாக உள்ளே இறங்காது. ஆகவே முதல் வேலை, அச்சம் என்ற ‘கும்ப்’பில் ஏற்றுவது. கும்ப் என்பது வண்ணார்கள் வைக்கும் வெள்ளாவிதான்: உவர்மண் கரைசலில் நனைத்த துணியை அடுக்கி, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை அடுக்குக்குள் ஏறவிடுவது. அடுத்தது ‘பாஹு’, சாயத்தைத் துணியோடு பிணைக்கும் படிகாரம் போன்ற சரக்கு. அந்த இடத்தில் குரு நானக் வைப்பது நாணத்தை. மூன்றாவதாகத்தான் சாயம், அது பக்தி. இந்த வரிசையில் தோய்ந்தவனிடம் பொய் ஒட்டாது என்று முடிகிறது.

எந்தப் படியை விட்டால் என்ன கெடும் என்பது சாயப்பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளாவியை விட்டுவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக மேலே நிற்கும். அன்பு, அன்பு என்று மட்டும் பேசி, தன் ‘நானை’த் தொடாமல் வைத்திருப்பவரின் பக்தி அந்த ரகம், கீர்த்தனை கேட்கும்போது கண் கலங்கும், கடைக்குத் திரும்பியதும் தராசு சாயும். படிகாரத்தை விட்டால் நிறம் ஏறும், முதல் அலசலில் போய்விடும். நிறம் பற்றியும் குர்பாணி கறாராக இருக்கிறது. குசும்பப்பூச் சாயம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெயிலுக்கும் தண்ணீருக்கும் நிற்காது. உலக மோகத்துக்கு அதைச் சொல்வார்கள். நாமத்துக்குச் சொல்வது மஞ்சிட்டியை. மஞ்சிட்டி வேர்ச்சாயம் துவைக்கத் துவைக்க நிற்கும், ஆனால் படிகாரம் இல்லாமல் அது சரியாகப் பிடிக்காது. இந்தத் தொழில் விவரம் தெரிந்தவர்தான் அந்த வரிகளை எழுதியிருக்க முடியும்.

இன்னொன்று பாட்டில் இல்லை, பட்டறையில் உண்டு: காரம் மிஞ்சினால் துணி நைந்துபோகும். பயத்தை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாவியிலிருந்து எடுக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது.

ஜப்ஜியின் கடைசிப் பௌடியான 38ஆவதில் இதே அச்சம் தட்டாரின் பட்டறையில் வருகிறது. புலனடக்கம் பட்டறை, பொறுமை தட்டார், புத்தி அடைகல், ஞானம் சுத்தியல். அச்சம் துருத்தி; தவம் நெருப்பு. அன்பு மூசை, அதில் உருகுவது அமுதம், வார்ப்பது ‘சபத்’ என்ற இறைச்சொல். நெருப்பின் இடத்தை அச்சத்துக்குக் கொடுக்கவில்லை, கவனியுங்கள். அச்சம் சுடுவதில்லை, ஊதுகிறது. ஊதுவதை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடாது, சாம்பல் பூத்துக் கிடக்கும், பொன் மட்டும் உருகாது. 34 முதல் 37 வரையான பௌடிகளில் தர்ம கண்டத்தில் தொடங்கி சச் கண்டம் வரை ஆன்மிகப் படிநிலைகளில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு நம்மைத் துருத்தி முன்னால் உட்கார வைப்பது எனக்குப் பிடித்த இடம். தினம் காலையில் ஜப்ஜி, மாலையில் ரஹ்ராஸ், படுக்கும் முன் சோஹிலா என்ற நித்நேம், அதாவது அன்றாடப் பாராயண ஒழுங்கு, அந்த ஊதுகிற வேலைதான். ஒருநாள் மூன்று மடங்கு ஓதி, மறுநாள் விட்டுவிடுவது துருத்திக்கு ஆகாது.

வந்திருப்பது சரியான அச்சம்தானா என்று பார்க்க ஒன்பதாம் குரு தேக் பகதூரின் சலோகம் ஒன்று போதும். நூலின் இறுதியை ஒட்டி, 1426ஆம் பக்கத்திலிருந்து அவருடைய 57 சலோகங்கள் வருகின்றன. பாராயணம் நிறைவடையும் போக் சடங்கில் இவற்றை வாசிப்பார்கள். அவற்றில் 16ஆவது: யாரையும் அச்சுறுத்தாதவன், யாருக்கும் அஞ்சாதவன், அவனையே ஞானி என்று சொல். இரண்டாவது பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். முதல் பாதி அதைவிடக் கஷ்டம். வீட்டில் மனைவி மக்களையும் கடையில் வேலையாட்களையும் நடுங்க வைத்துக்கொண்டு, தான் ஆண்டவனுக்கு அஞ்சி நடப்பதாகச் சொல்பவர் முதல் பாதியிலேயே விழுந்துவிடுகிறார். இதை எழுதியவர் 1675ல் டெல்லி சாந்தினி சௌக்கில் ஔரங்கசீப்பின் ஆட்சியில் தலை கொடுத்தவர்.

அஞ்சி நடப்பவரும் தவறுவார். அதற்குச் சீக்கியரின் நடத்தை விதித்தொகுப்பான ‘ரஹத் மரியாதா’வில் ‘தன்கா’ என்ற தண்டனை முறை இருக்கிறது. தவறியவர் சங்கத்தின், அதாவது கூடியிருக்கும் அடியார்களின், முன்னால் தானே வந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். குரு கிரந்த சாகிப்பின் முன்னிலையில் சங்கம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும். அவர்கள் குற்றத்தை ஆராய்ந்து தன்காவை முன்வைப்பார்கள். தண்டனை பெரும்பாலும் கையால் செய்யும் சேவையாக இருக்க வேண்டும் என்பது விதி: லங்கர் என்ற பொதுச் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது, சங்கத்தின் காலணிகளைத் துடைப்பது போல. பதவி குறுக்கே நிற்காது. 1986ல் பொற்கோயிலுக்குள் காவல்துறையை அனுப்பியதற்காக, பஞ்சாப் முதலமைச்சராக இருந்தபோதே காலணி துடைத்தவர் சுர்ஜித் சிங் பர்னாலா, பின்னாளில் நம் ராஜ்பவனில் ஆளுநராக இருந்த அதே பர்னாலா. விதியில் இரு தரப்புக்கும் கட்டு இருக்கிறது. தண்டனை பெற்றவர் எதிர்த்து வாதாடக் கூடாது. மன்னிப்பதில் சங்கம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. சேவை முடிந்ததும் அர்தாஸ் என்ற பிரார்த்தனை செய்வார்கள்.