ஸ்டெம் செல் விசாரிக்கக் கிளம்பும் முன்

பிள்ளையின் எக்கோ (இதய ஸ்கேன்) சீட்டில் 'டைலேட்டட் கார்டியோமயோபதி', அதாவது இதயத் தசை தளர்ந்து இதயம் விரிந்துபோகும் நோய், என்று எழுதி வந்ததும் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் யாராவது ஒருவர் "ஸ்டெம் செல் (வேறு செல்லாக மாறி வளரக்கூடிய மூல செல்) வைத்தால் சரியாகுமாமே" என்று தொடங்கிவிடுவார். அந்த விசாரணையில் இறங்கிப் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் அனுபவத்தில் வரிசை இப்படி இருக்க வேண்டும்.

முதல் கேள்வி, தசை ஏன் தளர்ந்தது? கைக்குழந்தை என்றால் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கார்னிடைன் (தசைக்குச் சக்தி கிடைக்க உதவும் சத்து) குறைவா என்று பார்த்தாகிவிட்டதா? துடிப்பு ஓயாமல் வேகமாக ஓடுகிறதா? இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது கரோனரிக் குழாய் தவறி நுரையீரல் தமனியிலிருந்து கிளம்புகிறதா? கடைசியாகச் சொன்னது எக்கோவில் எளிதாகத் தப்பிவிடும். குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் மருந்தோ ஆபரேஷனோ இருக்கிறது. இதில் ஒன்று தெரியவந்தால் ஸ்டெம் செல் பேச்சே வேண்டாம்.

திருவனந்தபுரமோ சென்னையோ போகும்போது எக்கோ தாள் மட்டும் போதாது, படம் பதிந்த சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே இ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) நாலைந்து புள்ளி மாறும். ஆகவே '25 இருந்தது 30 ஆயிற்று' என்று காட்டும் விளம்பரத்துக்கு அர்த்தமில்லை. மாத்திரையிலேயே தேறும் பிள்ளைகளும் உண்டு.

ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி இதயத்துக்கு ஸ்டெம் செல் கொடுப்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான். சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். வாங்கி, அந்தத் தளத்தில் வயது வரம்பையும் ஆய்வு இன்னும் ஆள் சேர்க்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள். எண்ணைச் சொல்லாமல் 'பேக்கேஜ்' தொகை சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஜப்பானின் ஒகயாமாவில் பிள்ளைகளின் இதயத்திலிருந்தே செல் எடுத்து, வளர்த்து, கரோனரிக் குழாய் வழியே செலுத்தினார்கள். அதுவும் 5 பேரை வைத்து நடந்த முதல்கட்டம்தான்.

இந்த அலைச்சலில் வீட்டு மருந்து தவறிவிடக் கூடாது. இந்த நோய்க்குத் தரும் எனலாபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். சத்துக்கென்று தினமும் ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) இளநீரும் கொடுப்பது நம் ஊர் வழக்கம்; இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். இதயத்துக்கான டைஜாக்சின் சிரப்பைக் கரண்டியில் அளக்காதீர்கள், ஊசி கழற்றிய சிறு சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். குடித்ததும் கக்கினால் மறுபடி ஊற்றக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தால், அடுத்த வேளை எந்த மருந்தும் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் போடுங்கள்.