‘நல்லாத்தான் இருக்கேன்’

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் தலையில் அடிபட்டவரிடம் டிரெய்னர் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்த வேலையின் பாதி. அவர் பொய்தான் சொல்கிறார் என்றில்லை. நிலைமையை எடைபோட வேண்டிய மூளைக்கே அல்லவா அடி! இப்படி மூளை அதிர்ந்து கலங்குவதுதான் கன்கஷன்.

அதனால் வாயை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். எழும்போது கால் பின்னுகிறதா, கண் வெறித்திருக்கிறதா, தன் பெஞ்ச் எது என்று தெரிகிறதா? ஹெல்மெட் போட்டிருக்கிறாரே என்ற சமாதானம் உதவாது. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும், அவ்வளவுதான். கிண்ணத்துக்கு எத்தனை உறை போட்டாலும், அதைச் சட்டென்று திருப்பினால் உள்ளே தயிர் கலங்கத்தான் செய்யும்.

ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் பெஞ்சில் வைத்தே பார்த்து அனுப்பாமல், அமைதியான அறைக்குக் கூட்டிப்போய் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்ற விதி 2011 மார்ச்சில் வந்தது. இப்போது உலகெங்கும் புழங்கும் ஸ்காட் 6 என்ற கன்கஷன் சோதனையை ஒழுங்காகச் செய்ய 10 முதல் 15 நிமிடம் ஆகும். பத்துச் சொற்களை மூன்று முறை படித்துக் காட்டி ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிறகு மாதங்களைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். குதிகாலும் விரலும் ஒட்ட 3 மீட்டர் நடக்க வேண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து அதே பத்துச் சொற்களை மறுபடி கேட்பார்கள். பலர் தடுமாறுவது அங்கேதான். ஸ்கேட்டைக் கழற்றாமல் சமநிலை பார்ப்பதும், மூச்சு அடங்குமுன் ஆரம்பிப்பதும் சோதனையையே கெடுத்துவிடும்.

22 அறிகுறிகளுக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் போடும் பட்டியலும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் சைபர் போட்டால் சந்தேகப்படலாம். அதில் களைப்பும் ஓர் அறிகுறி. ஆட்டத்தின் இரண்டு பகுதி (பீரியட்) ஆடியவருக்குக் களைப்பே இல்லையா? சீசன் தொடங்கும் முன் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே சொதப்பி, அடிபட்டபின் அதோடு ஒப்பிடும்போது தப்பிக்க வழி செய்துகொள்வதும் பழைய தந்திரம்.

2016-17 சீசனிலிருந்து நியூயார்க்கில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திரையில் பார்க்கும் லீக் கண்காணிப்பாளர்களும் வீரரை வெளியே அழைக்கலாம். அந்த டிசம்பரில் நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிட் விழுந்து முகம் ஐஸில் இடித்தபோது அப்படித்தான் அழைத்தார்கள். அவருக்கு ஒரே கடுப்பு. ஆனால் 2017 மே மாதம் இன்னொரு நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி, ஐஸைச் சுற்றியிருக்கும் தடுப்புச் சுவரான போர்டில் தலைகுப்புற மோதி மெதுவாக எழுந்தபோது அழைப்பு வரவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் அவருக்குக் கன்கஷன். மெதுவாக எழுந்தால் கட்டாயம் வெளியேற்றும் விதி, தலை ஐஸில் பட்டால் பொருந்தும், போர்டில் பட்டால் பொருந்தாது என்று லீக் விளக்கம் சொன்னது. மூளைக்கு ஐஸ் எது, போர்டு எது என்று தெரியுமா?

சோதனையில் தேறியவரையும் அப்படியே விட்டுவிட முடியாது. சிலருக்குத் தலைவலியும் வெளிச்சக் கூச்சமும் மணிக்கணக்கில் கழித்தே வரும். அதனால் ஆட்டம் முடிந்தபின் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பார்க்க வேண்டும். கன்கஷன் என்று உறுதியானால், ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு படி. அன்றாட நடமாட்டத்தில் தொடங்கி, லேசான சைக்கிள், இடி மோதல் இல்லாத பயிற்சி, பிறகு மோதலுடன் பயிற்சி, கடைசியில்தான் ஆட்டம். படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். மோதல் பயிற்சிக்கு முந்தைய நாள்தான், கேட்காமலே, மறுபடி அந்தப் பதில் வரும்.