கட்டையிலிருந்து விரலை எடுக்கும் நேரம்: ஒரு கீபோர்டுக்காரரின் நாட்குறிப்பு

22 நவம்பர் 2022, செவ்வாய்

கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் சவுதி அரேபியா 2, அர்ஜென்டினா 1. 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி இன்று தோற்றது. மெஸ்ஸியின் பெனால்ட்டிக்குப் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடில் (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்றவருக்குப் பந்து போகும் தவறில்) போயின. சவுதியின் பின்வரிசை நடுக்கோட்டை நோக்கி அவ்வளவு ஏறி விளையாடியது. இந்த உத்தியில் உயிர்நாடி, வரிசை ஏறுகிற நேரம்தான். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடும் கணத்தை வைத்துத்தான் ஆஃப்சைடு பார்க்கிறார்கள். அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் பின்வரிசை முழுக்கச் சேர்ந்து ஏறிவிட வேண்டும். ஒருவர் மட்டும் அரை நொடி தங்கிவிட்டால் மற்றவர்கள் ஏறியது வீண். கோரஸ் பாடும்போது எல்லாரும் நிறுத்திய இடத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் இழுத்துக்கொண்டு போனால் கேட்க எப்படி இருக்கும்? அதே கதைதான்.

24 நவம்பர், வியாழன்

சஸ்டெய்ன் பெடல், அதாவது விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிப் பிடிக்கும் கால்மிதி. புதிதாக வாசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதை டிரம்ஸ் பெடல் மாதிரி தாளத்துக்கு மிதிக்கிறார்கள். கையோடு சேர்த்து மிதித்து, கையோடு சேர்த்து எடுப்பதால் ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டத்துக்கும்) நடுவில் ஓர் ஓட்டை விழுகிறது. சரியான வரிசை இது: புது கார்டு விழும் அதே கணத்தில் கால் மேலே போக வேண்டும், கார்டு ஒலித்தவுடன் கால் மறுபடி கீழே வர வேண்டும். கை இறங்கும்போது கால் ஏறும். 60 டெம்போவில் (நிமிடத்துக்கு 60 தட்டு) இரண்டே இரண்டு கார்டை வைத்து இதை மட்டும் கால் மணி நேரம் பழகினால் போதும், கால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெடல் தலைகீழாக வேலை செய்கிறதா? அதாவது மிதித்தால் நின்று, விட்டால் நீள்கிறதா? பெரும்பாலும் பெடல் பழுதாகியிருக்காது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரண்டுவிடும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் செட்டிங்கில் போலாரிட்டியை, அதாவது பெடலின் ஆன்-ஆஃப் திசையை, மாற்றுங்கள். சில பெடல்களின் அடிப்பக்கத்திலேயே அதற்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்.

ஸ்ட்ரிங்ஸ், பேட் (பின்னணியில் மெத்தென்று நீளும்) சவுண்டுகளுக்குப் பெடலே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே விரலால் பிடித்துக் கோப்பதுதான் அழகு.

27 நவம்பர், ஞாயிறு

ஹாமண்ட் ஆர்கன் பற்றி எத்தனை எழுதினாலும் ஆசை தீராது. பி-3 மாடல் 1954-இல் வந்தது. உள்ளே 91 பல்சக்கரங்கள் ஒரே மோட்டாரில் சுழல்கின்றன. எல்லா ஒலியும் அவற்றிலிருந்துதான். மேலே ஒன்பது டிராபார், அதாவது இழுத்தும் தள்ளியும் ஒலிக்கலவையை மாற்றும் கம்பிகள். முதல் மூன்றை (16 அடி, 5⅓ அடி, 8 அடி) முழுக்க இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளினால் 888000000 (ஒவ்வொரு கம்பியும் எத்தனை படி வெளியே இருக்கிறது என்ற குறி). கூடவே சுரத்தின் தொடக்கத்தில் ஓர் அடி சேர்க்கும் பெர்கஷனை ஆன் செய்து, ஒலி சாஃப்ட், தேய்வு ஃபாஸ்ட், ஹார்மானிக் தேர்டு என்று வைத்தால், ஜாஸ் இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த அந்த 'டொக்' கிடைக்கும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். பெர்கஷன் ஒவ்வொரு கட்டைக்கும் வராது. எல்லா விரலும் மேலே வந்தால்தான் அடுத்த அடிக்கு 'டொக்' தயாராகும். ஒரே ஒரு விரல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த சுரம் வழவழவென்று வரும், அடி விழாது. ஹாமண்ட் ஒலியைத் தரும் சாஃப்ட்வேர் வைத்திருந்து "சாஃப்ட்வேரில் பெர்கஷன் சில சமயம் வேலை செய்யவில்லை" என்று புகார் சொல்பவர்களின் விரல்களைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். எந்த சுரத்துக்கு அழுத்தம் வேண்டும் என்பதை விரலை எடுப்பதாலேயே தீர்மானிக்கலாம். பத்து சுரம் கொண்ட ஒரு வரியில் மூன்றாவதுக்கும் ஏழாவதுக்கும் மட்டும் அடி விழவேண்டுமா? அவற்றுக்கு முன்னால் கையைச் சுத்தமாக எடுங்கள், மற்றவற்றை ஒட்டி வாசியுங்கள். பெர்கஷன் ஆனில் இருக்கும்வரை ஒன்பதாவது டிராபார் ஊமை என்பதையும் மறக்க வேண்டாம். அதன் மின்தொடுப்பைத்தான் பெர்கஷன் இரவல் வாங்குகிறது.

ஹாமண்டோடு இணைக்கும் சுழல் ஸ்பீக்கரான லெஸ்லியில் மேலே சுழலும் ஹார்ன் லேசானது, சட்டென்று வேகம் பிடிக்கும். கீழே சுழலும் டிரம் கனம், நிதானமாகத்தான் ஏறும், நிதானமாகத்தான் இறங்கும். அந்த இடைவெளிதான் காதுக்கு விருந்து. ஆகவே நீட்டிப் பிடித்த கார்டு முடிந்த பிறகு வேகத்தை மாற்றிப் பயனில்லை. முடிய இரண்டு மூன்று நொடி இருக்கும்போதே ஸ்லோவுக்குத் தட்டிவிடுங்கள், இறக்கம் முழுக்கக் காதில் விழும்.

2 டிசம்பர், வெள்ளி

ஜப்பான் 2, ஸ்பெயின் 1. ஜப்பானின் மித்தோமா கோட்டோரத்தில் இழுத்துக் கொடுத்த பந்து வெளியே போய்விட்டது என்று நேற்று இரவிலிருந்து சண்டை. வெறும் 1.88 மில்லிமீட்டர் உள்ளே இருந்ததாகக் கணக்கு சொல்கிறார்கள். படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிகிறதே என்கிறார்கள். தெரியத்தான் செய்யும். பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு வெளியே 10 செ.மீ. போயிருந்தாலும் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே. நேர் மேலிருந்து எடுத்த படத்தைத் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது.

இந்த உலகக் கோப்பைப் பந்துக்குள் ஒரு சென்சார் தொங்குகிறது. நொடிக்கு 500 முறை, அதாவது 2 மில்லிநொடிக்கு ஒருமுறை தகவல் அனுப்புகிறது. ஒப்பிட, கீபோர்டையும் மற்ற கருவிகளையும் இணைக்கும் மிடி கேபிளில் ஒரு சுரம் போக ஏறக்குறைய 1 மில்லிநொடி ஆகும். 1983-இல் வந்த ஏற்பாடு இன்றும் தாக்குப்பிடிக்கிறது என்றால் அதை வகுத்தவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். ஆனால் ஒரே கேபிளில் பத்து சுரம் ஒன்றாக அழுத்தினால் கடைசிச் சுரம் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி பிந்தும். டிரம்ஸையும் அதே கேபிளில் ஓட்டினால் அடி தளர்ந்து கேட்பது இதனால்தான்.

5 டிசம்பர், திங்கள்

ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் கத்துகிறது, அல்லது இரண்டு முறைக்கு ஒருமுறை ஊமையாகிறது என்றால் தொண்ணூறு சதம் தூசுதான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழில் இரண்டு கரித்தொடுகள் உள்ளன. முதலாவது தொட்டு இரண்டாவது தொடும்வரை ஆன நேரத்தை அளந்துதான் கீபோர்டு அடியின் வலிமையைக் கணிக்கிறது. ஒன்றில் தூசு அடைந்தால் கணக்கு தப்பும்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மேசையில் தடித்த துண்டு விரித்துக் கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல் மூடி பிளந்துவிடும். பட்டை ஒயரை இழுக்குமுன் அதன் கொக்கியைத் தூக்கிவிடுங்கள். ரப்பர் பட்டைகள் பெரும்பாலும் 12 கட்டைக்கு ஒன்று. அடியில் இருக்கும் குச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுங்கள், ஓரத்தைப் பிடித்து மொத்தமாக உரித்தால் குச்சி அறுந்துவிடும். போர்டில் இருக்கும் கறுப்பு இடங்களையும் ரப்பரின் கறுப்புப் பொட்டுகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாக ஒற்றியெடுங்கள். உப்புத்தாள், அழிரப்பர், கத்தி எதுவும் வேண்டாம். கரிப்பூச்சு போனால் போனதுதான். விரல் படக்கூடாது, எண்ணெய் ஒட்டும். பத்து நிமிடம் காயவிட்டு, குச்சிகளை மொட்டையான ஏதாவதொன்றால் ஓட்டைக்குள் முழுக்கத் தள்ளுங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் ரப்பர் உப்பிக்கொள்ளும். கட்டை மேலே வந்த பிறகும் சுரம் நிற்காமல் அழுதுகொண்டிருக்கும்.

ஊமையான கட்டைகள் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக இருந்தால் பஞ்சை எடுக்க வேண்டாம். அது ஒயரிலோ டயோடிலோ உள்ள கோளாறு.

8 டிசம்பர், வியாழன்

பேஸ் கிட்டார் இருக்கும் மேடையில் இடது கைக்கு ஆக்டேவ் (கீழ் ஸ்தாயி) வேலை கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. பேஸ்காரரின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே, சுமார் 130 ஹெர்ட்ஸோடு நம் எல்லை முடியட்டும்.

பேட் சவுண்டின் ரிலீஸையும், அதாவது விரலை எடுத்த பிறகு ஒலி தேயும் நேரத்தையும், பாருங்கள். 120 டெம்போவில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி. ரிலீஸ் இரண்டு நொடியில் இருந்தால் எப்போதும் மூன்று கார்டுகள் மேலுக்கு மேல் நிற்கும். பாடுபவருக்குச் சுருதி எங்கே என்றே பிடிபடாது. அரை நொடிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நீளம் வேண்டுமென்றால் ரிவெர்பில் (எதிரொலியில்) கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் பற்றி ஒரு வரி: ஐந்து கட்டையில் வாசித்து ஐந்தரையில் ஒலிக்க பிளஸ் ஒன்று வைத்தால், பாட்டு முடிந்த கையோடு சைபருக்குத் திருப்பிவிடுங்கள், பேச்சுக்கு இடம் கொடுக்காமல்.

10 டிசம்பர், சனி

நெதர்லாந்து 2, அர்ஜென்டினா 2, பெனால்ட்டியில் அர்ஜென்டினா 4-3. ஆனால் மனதில் நிற்பது 90-க்கு மேல் 11-ஆவது நிமிட ஃப்ரீ கிக். எல்லாரும் கோலை நோக்கிச் சுடுவார்கள் என்று காத்திருக்க, நெதர்லாந்தின் கூப்மைனர்ஸ் தடுப்புச் சுவரோரம் தரையோடு தள்ளிவிட்டார். சக வீரர் வெக்ஹோர்ஸ்ட் வாங்கித் திரும்பி அடித்தார். தோற்கும் அணிக்குக் கடைசி நொடியில் இவ்வளவு மென்மையாகப் பந்தை விடத் துணிவு வேண்டும். இந்தத் தொடரின் மிக அழகான கோல் எனக்கு இதுதான்.

14 டிசம்பர், புதன்

எலெக்ட்ரிக் பியானோக்களில் ரோட்ஸா, வுர்லிட்சரா? தனியாக வாசிக்க ரோட்ஸ், கூட்டத்துக்கு நடுவில் வுர்லிட்சர். ரோட்ஸில் சுத்தியல் ஒரு மெல்லிய கம்பியை அடிக்கிறது. பக்கத்தில் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப். கம்பியின் நுனி பிக்கப்பின் நடுவுக்கு நேராக இருந்தால் ஓர் ஆக்டேவ் மேலே உள்ள ஒலி தூக்கலாகி மெலிந்து கேட்கும். கொஞ்சம் மேலே தள்ளினால் ஒலிக்கு உடம்பு வரும். பிக்கப்பை நெருக்கினால் ஒலி கூடும். பலமாக அடிக்கும்போது கம்பி பிக்கப்பில் முட்டக்கூடாது. சுருதிக்கு, கம்பியில் உள்ள சுருள் ஸ்பிரிங்கை நுனிப்பக்கம் நகர்த்தினால் இறங்கும், அடிப்பக்கம் நகர்த்தினால் ஏறும்.

வுர்லிட்சரில் உலோக நாக்கு. அதன் நுனியில் ஈயப்பற்றுக் கட்டி. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சுருதி ஏறும், பற்று சேர்த்தால் இறங்கும். ஒரு இழுப்புக்கு ஒருமுறை டியூனரைப் பாருங்கள். உள்ளே 150 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது, ஆன் நிலையில் கை வைக்கவே கூடாது.

19 டிசம்பர், திங்கள்

இறுதிப் போட்டி 3-3. பெனால்ட்டியில் அர்ஜென்டினா 4, பிரான்ஸ் 2. 80 நிமிடம் வரை ஒருதலைப்பட்சமாக இருந்த ஆட்டம், பிரான்சின் எம்பாப்பே 80-இலும் 81-இலும் அடித்தவுடன் வேறு ஆட்டமாகிவிட்டது. 81-ஆவது நிமிடக் கோலில் துராம் தூக்கிக் கொடுத்த பந்தை அவர் தரையில் விழவே விடவில்லை.

என்றாலும் 36-ஆவது நிமிடத்து டி மரியா கோலைத்தான் நான்கு முறை திரும்பப் பார்த்தேன். மெஸ்ஸி, அல்வாரெஸ், மக் அலிஸ்டர் என்று ஆளாளுக்கு ஓரிரு தொடுதான். யாரும் பந்தை ஒரு தட்டு கூடுதலாகக் காலில் வைத்துக்கொள்ளவில்லை. மக் அலிஸ்டர் மட்டும் கோலை நோக்கி ஓடிவந்தும் சுடாமல் குறுக்கே விட்டார். டி மரியா வந்து சேர்கிற நேரத்துக்குப் பந்தும் வந்து சேர்ந்தது.

123-ஆவது நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானியின் அடியை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அது மட்டும் உள்ளே போயிருந்தால் பெனால்ட்டி வரிசையே வந்திருக்காது. அந்த வரிசையில் மெஸ்ஸி பந்தை உருட்டிவிட்டதைக் கவனித்தீர்களா? 11 மீட்டரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் 0.4 நொடியில் கடந்துவிடும். அவர் அந்த வேகத்தைக் கேட்கவே இல்லை. பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸின் எடை ஒரு பக்கம் சாயும்வரை காலைத் தாமதித்து, பிறகுதான் தொட்டார்.